சுஸ்லான் எனர்ஜி: கொரோனாப் பெருந்தொற்றுக் காலம்

சுஸ்லான் எனர்ஜி என்பது காற்றாலைகளை வடிவமைத்து, உற்பத்தி செய்து, நிறுவி, அவற்றைத் தொடர்ந்து பராமரித்தும் வரும் இந்திய நிறுவனமாகும். புனே நகரைத் தலைமையிடமாகக் கொண்ட இந்நிறுவனம், 2020 மார்ச்சில் நாடு தழுவிய ஊரடங்கு அறிவிக்கப்பட்டபோது, வெளிநாட்டுக் கடன்பத்திரங்களுக்கு உரிய தொகையைத் திருப்பிக் கொடுக்க இயலாமல் எட்டு மாதங்களாகத் தத்தளித்துக்கொண்டிருந்தது. ஆயினும் திவால் நடவடிக்கைக்குள் செல்லாமலேயே அது பெருந்தொற்றுக் காலத்தைக் கடந்தது. புதிய காற்றாலைகளின் விற்பனை ஏறத்தாழ நின்றுபோன அக்காலத்தில், முன்னரே நிறுவப்பட்டிருந்த ஆலைகளின் பராமரிப்பு வருவாயும், அவ்வருவாயை ஈட்டித் தந்த களப்பணியாளர்களின் உழைப்புமே நிறுவனத்தைத் தாங்கி நின்றன.

தோற்றமும் வணிக முறையும்

இந்தியாவில் காற்று மின்சாரம் வணிக அளவில் சாத்தியமா என்பதைச் சோதித்தறியும் செயல்விளக்கக் காற்றாலைகள் 1986இல் தமிழ்நாட்டின் தூத்துக்குடி, குஜராத்தின் ஓகா, மகாராஷ்டிரத்தின் ரத்னகிரி ஆகிய கடலோரப் பகுதிகளில் நிறுவப்பட்டன. இவற்றில் டென்மார்க்கின் வெஸ்டாஸ் நிறுவனத்தின் 55 கிலோவாட் திறனுள்ள ஆலைகள் பயன்பட்டன. இவை தந்த நம்பிக்கையால் 1990களின் தொடக்கத்தில் தனியார் முதலீடு வரத் தொடங்கியது. மேற்குத் தொடர்ச்சி மலையின் பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி கணவாய்களின் வழியே தென்மேற்குப் பருவக்காற்று குவிந்து வீசுவதால், அவற்றை ஒட்டிய கோயம்புத்தூர், திருப்பூர், திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டப் பகுதிகள் அம்முதலீட்டில் பெரும்பங்கைப் பெற்றன. ஆரல்வாய்மொழியை அடுத்த முப்பந்தல் இந்தியக் காற்றாலைத் தொழிலின் அடையாளமாகவே மாறியது.

சூரத் நகரில் சகோதரர்களுடன் துணி உற்பத்தித் தொழில் நடத்திவந்த துளசி தந்தி, மின்கட்டணம் ஆலையின் இலாபத்தை விழுங்குவதைக் கண்டு, சொந்தத் தேவைக்காக இரண்டு காற்றாலைகளை வாங்கினார். அவற்றை நிறுவுவதிலும் பழுது பார்ப்பதிலும் உடனுக்குடன் உதவி கிடைக்காமல் அவர் பட்ட சிரமமே 1995இல் சுஸ்லான் தொடங்கப்படுவதற்குக் காரணமாயிற்று. ஜெர்மனியின் சூட்விண்ட் நிறுவனத்தின் தொழில்நுட்பத்தைக் கொண்டு முதல் ஆலைகளை அமைத்த இந்நிறுவனம், பிற உற்பத்தியாளர்கள் இயந்திரத்தை விற்பதோடு நின்றுவிட்ட நிலையில், காற்றின் வேகத்தை அளந்து இடம் தேர்வது, நிலம் வாங்குவது, மின்தடம் இழுப்பது, ஆலையை நிறுத்துவது, இருபது ஆண்டுக்காலம் பராமரிப்பது வரை அனைத்தையும் தானே ஏற்றுக்கொள்ளும் முறையைக் கைக்கொண்டது.

இம்முறை வெற்றி பெற்றதற்கு வரிச்சட்டமும் துணை நின்றது. இயந்திரத்தின் மதிப்பில் பெரும்பகுதியை முதலாண்டிலேயே தேய்மானமாகக் கழித்துக்கொள்ள இடமளிக்கும் விரைவுத் தேய்மானச் சலுகை, காற்றாலையைப் பற்றி ஏதும் அறியாத நூற்பாலை முதலாளிக்கும், பின்னலாடை ஏற்றுமதியாளருக்கும் அதில் பணம் போடும் துணிவைத் தந்தது. அவர்களுக்கு வேண்டியிருந்தது வரிக்கழிவும் மின்சாரமும்தான்; இயந்திரத்தைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பு சுஸ்லானிடமே இருந்தது. இவ்வாறு பல்வேறு உரிமையாளர்களின் பெயரில், ஆனால் ஒரே நிறுவனத்தின் கையில், ஆயிரக்கணக்கான ஆலைகள் சேர்ந்தன. பெருந்தொற்றுக் காலத்தில் உயிர்க்கயிறாக அமைந்த பராமரிப்பு வருவாயின் வேர் இங்கேதான் உள்ளது.

2005 அக்டோபரில் பங்குச்சந்தையில் நுழைந்த சுஸ்லான், 2006இல் பெல்ஜியத்தைச் சேர்ந்த பற்சக்கரப் பெட்டி உற்பத்தியாளரான ஹான்சன் டிரான்ஸ்மிஷன்ஸ் நிறுவனத்தையும், 2007இல் பிரான்சின் அரேவாவுடன் போட்டியிட்டு ஜெர்மனியின் ரீபவர் நிறுவனத்தையும் வசப்படுத்தியது. இவ்விரு கொள்முதல்களுக்கும் வாங்கிய கடனைச் சுமக்கத் தொடங்கிய வேளையில் 2008இன் உலக நிதி நெருக்கடி வந்தது. 2012 அக்டோபரில் சுமார் 20 கோடி டாலர் மதிப்புள்ள மாற்றத்தக்க கடன்பத்திரங்களுக்கு, அதாவது முதிர்வுக்கு முன் பங்காக மாற்றிக்கொள்ளவோ முதிர்வின்போது பணமாகப் பெறவோ உரிமை தரும் பத்திரங்களுக்கு, உரிய தொகையை நிறுவனத்தால் செலுத்த முடியவில்லை. ரீபவர், சென்வியான் என்னும் புதுப்பெயருடன், 2015இல் 100 கோடி யூரோவுக்கு விற்கப்பட்டது.

கடன் சற்றுக் குறைந்த நிலையில், 2017 பிப்ரவரியில் மத்திய அரசு காற்று மின்சாரத்துக்கு ஏலமுறையை அறிமுகப்படுத்தியது. அதுவரை ஒழுங்குமுறை ஆணையங்கள் நிர்ணயித்த விலை தமிழ்நாட்டில் யூனிட்டுக்கு 4 ரூபாய்க்கு மேல் இருந்தது. முதல் ஏலத்திலேயே விலை 3 ரூபாய் 46 காசுக்கும், அவ்வாண்டு இறுதியில் குஜராத் ஏலத்தில் 2 ரூபாய் 43 காசுக்கும் இறங்கியது. அதே ஆண்டில் விரைவுத் தேய்மானமும் பாதியாகக் குறைக்கப்பட்டதால், சிறு முதலீட்டாளர்கள் விலகிக்கொண்டனர். 2016-17இல் நாடு முழுவதும் ஏறத்தாழ 5,500 மெகாவாட் காற்றாலைகள் நிறுவப்பட்டிருக்க, 2019-20இல் அந்த அளவு சுமார் 2,070 மெகாவாட்டாகச் சுருங்கியது. 2019 ஜூலையில் 17.2 கோடி டாலர் கடன்பத்திரத் தவணையை சுஸ்லான் மீண்டும் தவறவிட்டது. ஆகவே நிறுவனத்தின் நெருக்கடியைக் கொரோனாவின் விளைவாகக் கருதுவது பொருந்தாது. தொற்று வருவதற்கு முன்பே அது விழுந்திருந்தது.

ஊரடங்கும் களப்பணியும்

2020 மார்ச் 25 முதல் நடைமுறைக்கு வந்த ஊரடங்கிலிருந்து மின் உற்பத்தி, மின் அனுப்புகை, விநியோகம் ஆகியவற்றுக்கு மத்திய உள்துறை அமைச்சகம் விலக்கு அளித்திருந்தது. இயங்கும் காற்றாலைகளின் பராமரிப்பு இவ்விலக்கில் அடங்கியது. புதிய ஆலைகளை உற்பத்தி செய்வதும் நிறுவுவதும் அடங்கவில்லை. இதனால் ஒரே நிறுவனத்துக்குள் தொழிற்சாலையும் கட்டுமானக் களமும் முடங்கிக் கிடக்க, பராமரிப்புக் குழுக்கள் மட்டும் நாள்தோறும் வெளியே செல்ல வேண்டியிருந்தது.

அவர்களுக்கு வாய்த்த காலமும் மிக நெருக்கடியானது. தமிழ்நாட்டின் தென்மாவட்டங்களில் காற்று சீசன் மே இறுதியில் தொடங்கிச் செப்டம்பர் வரை நீடிக்கும். ஓர் ஆண்டின் மின் உற்பத்தியில் பெரும்பகுதி இந்த மாதங்களிலேயே கிடைக்கும். ஆதலால் சீசனுக்கு முந்தைய பிப்ரவரி முதல் ஏப்ரல் வரையிலான நாட்களில் பற்சக்கரப் பெட்டியின் எண்ணெயைச் சோதித்து மாற்றுவது, கோபுரத்தின் பகுதிகளை இணைக்கும் போல்ட்டுகளை உரிய முறுக்கு விசையில் இறுக்குவது, இறக்கைகளில் விரிசல் பார்ப்பது, காற்றின் திசைக்கேற்பத் தலைப்பகுதியைத் திருப்பும் பற்சக்கரங்களுக்கு மசகு இடுவது ஆகிய வேலைகள் முடிக்கப்படுவது வழக்கம். ஊரடங்கு சரியாக இந்த நாட்களின் நடுவில் வந்து விழுந்தது. சீசனில் ஒரு நாள் நின்றுவிட்ட ஆலைக்கு ஏற்படும் இழப்பைப் பிற மாதங்களில் ஈடுகட்ட முடியாது என்பதால், வேலையைத் தள்ளிவைக்கவும் வழியில்லை.

நாசெல் எனப்படும் தலைப்பகுதி, மின்னாக்கியும் பற்சக்கரப் பெட்டியும் கட்டுப்பாட்டுக் கருவிகளும் நிறைந்த, கோபுரத்தின் உச்சியில் அமைந்த ஒரு கூண்டு ஆகும். பாதுகாப்பு விதிப்படி அங்கே ஒருவர் தனியாக ஏறக்கூடாது. ஒருவருக்கு மயக்கமோ விபத்தோ நேர்ந்தால் கயிற்றில் இறக்க மற்றவர் உடனிருக்க வேண்டும். ஆறடி இடைவெளி என்னும் அன்றைய பொதுவிதியை அந்த இடத்தில் கடைப்பிடிப்பது இயலாத காரியம். முகக்கவசத்துடன் உடலில் பாதுகாப்பு வார் பூட்டி ஏணியில் ஏறுவது மூச்சுத் திணறச் செய்வது என்பதையும் இங்கே கருத வேண்டும். இத்தகைய பணியில் செய்யக்கூடியதாக இருந்த தற்காப்பு, ஒரே குழுவைக் கலைக்காமல் வைத்திருப்பதும், ஒரு குழு மற்றொன்றைச் சந்திக்காமல் பார்த்துக்கொள்வதுமே. மாவட்ட எல்லைகளைக் கடக்கத் தமிழ்நாட்டில் இ-பாஸ் கட்டாயமாக இருந்ததால், குழுவினர் அடுத்த மாவட்டத்துக்குச் செல்வதற்குக்கூட அனுமதி பெற வேண்டியிருந்தது; மாவட்டங்களுக்கிடையிலான இக்கட்டுப்பாடு 2020 செப்டம்பர் 1 அன்றுதான் நீங்கியது.

மின்தேவை சரிந்ததும் வேறொரு சிக்கலாயிற்று. 2020 ஏப்ரலில் நாட்டின் மின் நுகர்வு முந்தைய ஆண்டைவிட ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைந்தது. ஏப்ரல் 5 இரவு 9 மணிக்கு ஒன்பது நிமிடம் விளக்கணைக்கும்படி பிரதமர் கேட்டுக்கொண்டபோது தேவை சுமார் 117 ஜிகாவாட்டிலிருந்து 85 ஜிகாவாட்டுக்கு இறங்கி மீண்டது. தேவை குறையும்போது மின்வாரியங்கள் காற்றாலைகளை நிறுத்தச் சொல்லும் அபாயம் இருந்ததால், புதுப்பிக்கத்தக்க மின்சாரத்துக்கு உரிய ‘கட்டாயம் இயக்கப்பட வேண்டியவை’ என்னும் தகுதி ஊரடங்கிலும் மாறவில்லை என்று மத்தியப் புதிய மற்றும் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் அமைச்சகம் ஏப்ரல் தொடக்கத்திலேயே தெளிவுபடுத்தியது. கட்டுமானத்தில் இருந்த திட்டங்களுக்கு 2020 மார்ச் 25 முதல் ஆகஸ்ட் 24 வரை ஐந்து மாத கால நீட்டிப்பும் வழங்கப்பட்டது. இந்நீட்டிப்பு இல்லாதிருந்தால், தாமதத் தண்டத்தொகையே பல நிறுவனங்களை வீழ்த்தியிருக்கக்கூடும்.

2021 ஏப்ரலில் எழுந்த இரண்டாம் அலை முதலாவதைவிடக் கொடியதாக அமைந்தது. உயரத்தில் ஏறிப் பணிபுரிவோரில் இளைஞர்களே மிகுதி. தடுப்பூசியோ ஏப்ரலில் 45 வயது கடந்தோருக்கும், மே 1 முதலே 18 வயது கடந்தோருக்கும் திறந்துவிடப்பட்டது. ஆகவே தொற்றின் உச்சத்தில் இவர்களில் பெரும்பாலோர் ஊசி போடாமலேயே களத்தில் நின்றனர். தொழிற்சாலை ஆக்சிஜன் மருத்துவமனைகளுக்குத் திருப்பிவிடப்பட்டதால், உருக்கை வெட்டிக் கோபுரம் செய்யும் வேலையும் தடைப்பட்டது. அந்த மே மாதத்திலேயே டவ்-தே புயல் குஜராத்தின் சௌராஷ்டிரப் பகுதியைத் தாக்கி மின்தடங்களைச் சாய்க்கவும், அப்பகுதியில் நோயும் புயலும் ஒருசேர வந்தன. இவ்வளவுக்கும் இடையில் ஆலைகள் சுழன்றுகொண்டிருந்ததற்குரிய பாராட்டு, மின்துறை வரலாற்றில் களப்பணியாளர்களுக்கு உரிய அளவில் பதிவாகவில்லை.

கடன் சீரமைப்பு

பாரத ஸ்டேட் வங்கி தலைமையிலான கடன் கொடுத்தோர் குழுவுடன் நடந்த பேச்சு 2020 ஜூன் 30 அன்று நிறைவுற்றது. நிறுவனம் அடைக்கக்கூடிய அளவுள்ள கடன் தனியே பிரிக்கப்பட்டு, மீதியில் ஒரு பகுதி பெயரளவு வட்டியுள்ள நீண்டகாலக் கடன்பத்திரங்களாக மாற்றப்பட்டது. வங்கிகளுக்கு நிறுவனத்தின் பங்குகளும் வழங்கப்பட்டன. நிறுவனர் தரப்பும் சக முதலீட்டாளர்களும் சுமார் 400 கோடி ரூபாய் புதிதாக இட்டனர். 2019-20இல் சுமார் 2,690 கோடி ரூபாய் நட்டம் காட்டிய நிறுவனம், சீரமைப்பால் கிடைத்த கணக்கு ஆதாயத்தின் பயனாக, 2020-21இல் 100 கோடி ரூபாயைச் சற்றுத் தாண்டிய இலாபம் காட்டியது.

வங்கிகள் இதற்கு இணங்கியதன் காரணத்தை அவற்றின் தாராள மனத்தில் தேட வேண்டியதில்லை. அப்போது இந்தியாவில் சுஸ்லான் பராமரித்துவந்த ஆலைகளின் திறன் 12,000 மெகாவாட்டுக்கு மேல். நாட்டின் மொத்தக் காற்றாலைத் திறனில் இது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. 2019-20இன் வருவாயில் பாதிக்கு மேல் இப்பராமரிப்பிலிருந்தே வந்தது. நிறுவனத்தைக் கலைத்து விற்றிருந்தால் தொழிற்சாலைகளுக்குச் சொற்ப விலையே கிடைத்திருக்கும். மாதந்தோறும் வரும் பராமரிப்புக் கட்டணமோ நிறுவனம் உயிருடன் இருந்தால்தான் வரும்.

பிற்காலம்

2022 மே மாதத்தில் கடன்கள் ஆர்.இ.சி., ஐ.ஆர்.இ.டி.ஏ. ஆகிய அரசு நிதி நிறுவனங்களுக்கு மாற்றப்பட்டன. 1,200 கோடி ரூபாய் உரிமைப் பங்கு வெளியீட்டுக்கான ஏற்பாடுகள் நடந்துகொண்டிருந்தபோது, 2022 அக்டோபர் 1 அன்று துளசி தந்தி மாரடைப்பால் காலமானார். வெளியீடு திட்டமிட்டபடி அம்மாதமே நடந்தேறியது. 2023 ஆகஸ்டில் மேலும் 2,000 கோடி ரூபாய் பங்கு மூலதனம் திரட்டப்பட்டுப் பழைய கடன் பெரும்பாலும் அடைக்கப்பட்டது. தற்போது 3.15 மெகாவாட் திறனுள்ள எஸ்144 வகை ஆலைகளை இந்நிறுவனம் உற்பத்தி செய்துவருகிறது. 2024இல் பொதுத்துறை மின் உற்பத்தி நிறுவனமான என்.டி.பி.சி.யின் குழுமத்திடமிருந்து 1,166 மெகாவாட்டுக்கான ஆணையைப் பெற்றது.