வயலின் வந்துடுச்சு, பியானோ ஏன் வாசல்லயே நின்னுடுச்சு?

இன்னைக்கு எபிசோடுக்கு ஒரு கேள்விதான் ஆரம்பம்.

நம்ம ஊர்ல வயலினை யாரும் வெளிநாட்டு வாத்தியம்னு நினைக்கிறதில்ல. மார்கழி சபாவுல இருக்கு, கல்யாணக் கச்சேரியில இருக்கு. அதே ஐரோப்பாவுலேர்ந்து வந்த பியானோ மட்டும் இன்னமும் விருந்தாளி மாதிரிதான் நிக்குது. ஏன்?

சென்னையில மேற்கத்திய இசை படிக்கிற மாணவர்கள் ரிசைட்டல் கொடுப்பாங்க. ரிசைட்டல்னா, படிச்சதை மேடையில வாசிச்சுக் காட்டுற கச்சேரி. ஒருத்தர் வயலினோட நிப்பார், இன்னொருத்தர் பியானோ முன்னாடி உட்கார்ந்திருப்பார். ரெண்டே பேர் சேர்ந்து ஒரு சொனாட்டா. அந்த மேடைக்குப் பின்னாடி 200 வருஷக் கதை ஒண்ணு இருக்கு.

மணலியில ஒரு வாத்தியார்

மேனாம்பேட்டிலேர்ந்து கிளம்பி, ரெட்டேரி, மாதவரம் தாண்டிப் போனா மணலி. இன்னைக்கு மணலின்னா பெட்ரோலியத் தொழிற்சாலைதான் ஞாபகம் வரும். 18-ஆம் நூற்றாண்டுக் கடைசியில அது ஒரு ஜமீன். அங்கே முத்துகிருஷ்ண முதலியார் இருந்தார். கிழக்கிந்திய கம்பெனியோட தொடர்புள்ள துபாஷிக் குடும்பம். திருவாரூர்லேர்ந்து ராமசுவாமி தீட்சிதர் குடும்பத்தை வரவழைச்சு ஆதரிச்சார்.

ராமசுவாமி தீட்சிதரோட மூத்த மகன்தான் முத்துசுவாமி தீட்சிதர். கடைசி மகன் பாலுசுவாமி, பிறந்தது 1786. புனித ஜார்ஜ் கோட்டையில வாசிச்ச ஐரோப்பிய பேண்டு இசையை சகோதரர்கள் கேட்டாங்க. பாலுசுவாமிக்கு வயலின் மேல ஆசை வந்தது. முதலியார் குடும்பம் என்ன செஞ்சுது? ஒரு ஐரோப்பிய வாத்தியாரை வச்சு, சுமார் மூணு வருஷம் கத்துக்க வச்சுது. பாலுசுவாமி பின்னாடி எட்டயபுரம் சமஸ்தான வித்வானா இருந்து 1859-ல காலமானார். அண்ணன் முத்துசுவாமி, அந்த பேண்டு மெட்டுகளுக்கு சமஸ்கிருதத்துல சாகித்யம் போட்டார். அதைத்தான் நோட்டுஸ்வரம்னு சொல்றோம். 40-க்குப் பக்கத்துல இருக்கு, எல்லாமே சங்கராபரணம்.

இதே காலத்துல தஞ்சை நால்வர்ல ஒருத்தரான வடிவேலுவும் வயலினை எடுத்தார். சுவாதித் திருநாள் மகாராஜா 1834-ல அவருக்கு தந்தத்துல செஞ்ச வயலினைப் பரிசாக் கொடுத்தார்.

வயலின் இங்கே வந்ததும் உட்கார்ந்துடுச்சு. வாசிக்கிறவர் சப்பணமிட்டு உட்கார்ந்து, வாத்தியத்தோட தலையை வலது கால் மேல சாய்ச்சார். இடது கைக்கு வாத்தியத்தைத் தாங்குற வேலை போச்சு. கமகத்துக்காகத் தந்தி மேல தாராளமா வழுக்க முடிஞ்சுது. ஜி, டி, ஏ, இ-ன்னு இருந்த நாலு தந்தியும் ஸ-ப-ஸ-ப ஆச்சு.

அங்கேயும் பக்கவாத்தியம்தான்

இங்கே வயலினுக்குக் கிடைச்ச இடம் பக்கவாத்தியம். அதே காலத்துல ஐரோப்பாவுல வயலின் என்னவா இருந்தது தெரியுமா? அங்கேயும் பக்கவாத்தியம்தான்!

1778-ல மொசார்ட் பாரிஸ்ல அச்சிட்ட சொனாட்டாக்களோட தலைப்பே ‘கீபோர்டு சொனாட்டாக்கள், வயலின் துணையுடன்’ங்கிற மாதிரிதான் இருக்கும். அன்றைய வழக்கப்படி கீபோர்டுதான் கச்சேரிக்காரர், வயலின் கூட வர்றவர். ஆனா மொசார்ட்டே உள்ளுக்குள்ள அந்த வழக்கத்தை மாத்திக்கிட்டு வந்தார். சில இடத்துல வயலின் முதல்ல பேசும், பியானோ பதில் சொல்லும்.

அப்புறம் பீத்தோவன். மொத்தம் 10 வயலின் சொனாட்டா எழுதினார். ஒன்பதாவதுதான் ‘க்ராய்ட்ஸர்’. 1803 மே 24-ஆம் தேதி வியன்னாவுல, பீத்தோவன் பியானோ வாசிக்க, ஜார்ஜ் பிரிட்ஜ்டவர்ங்கிற வயலினிஸ்ட் கூட வாசிச்சார். அவரோட அப்பா ஆப்பிரிக்க வம்சாவளி. அப்புறம் ரெண்டு பேருக்கும் மனஸ்தாபம். பீத்தோவன் சொனாட்டாவை ருடால்ஃப் க்ராய்ட்ஸருக்கு சமர்ப்பணம் பண்ணிட்டார். க்ராய்ட்ஸர் அதை வாசிச்சதே இல்லைன்னு சொல்வாங்க.

ரெண்டு வாத்தியமும் கிட்டத்தட்ட கான்செர்ட்டோ மாதிரி மோதிக்கும்னு பீத்தோவனே தலைப்புல குறிச்சிருக்கார். பக்கவாத்தியம்ங்கிற பேச்சு அதோட முடிஞ்சுது. அந்த வருஷம் நம்ம பாலுசுவாமிக்கு 17 வயசு.

பியானோவோட பிரச்சினை

அப்போ பியானோ ஏன் உள்ளே வரல? மெட்ராஸ்ல பியானோ இல்லாம இல்ல. மவுண்ட் ரோடு மியூஸி மியூசிக்கல் கடையோட சரித்திரம் 1842-ல ஆரம்பிக்குது. மாளிகைகள்ல, சர்ச்சுகள்ல பியானோ இருந்தது.

முதல் காரணம் கமகம். பியானோவுல ஒரு கட்டையை அழுத்தினா ஒரு சுரம், அவ்வளவுதான். அதை அசைக்க முடியாது, அடுத்த சுரத்துக்கு வழுக்கிப் போக முடியாது. இதே குற்றச்சாட்டு ஹார்மோனியம் மேலயும் வந்தது. ஆல் இந்தியா ரேடியோ 1940-லேர்ந்து 1971 வரைக்கும் அதை ஒதுக்கியே வச்சிருந்தது.

ரெண்டாவது காரணம் பொருளாதாரம். வயலினைப் பொட்டியில போட்டு பஸ்ல எடுத்துட்டுப் போயிடலாம். பியானோவுல 88 கட்டை, 200-க்கு மேல தந்தி. எல்லாத் தந்தியும் சேர்ந்து இழுக்கிற விசை 15-லேர்ந்து 20 டன். அதைத் தாங்க வார்ப்பிரும்புச் சட்டம். நம்ம ஊர் ஈரக்காத்துல மரம் உப்பும், சுருங்கும், சுருதி கலையும். ட்யூன் பண்ற ஆள் வரணும். வாடகை வீட்டு மாடிப்படியில ஏத்துறது பத்தி நான் சொல்லவே வேணாம்.

அதனால மேற்கத்திய வயலின் கத்துக்கிற நிறைய பிள்ளைகளுக்கு, பியானோவோட சேர்ந்து வாசிக்கிற வாய்ப்பே எப்போவாவதுதான். கிரேடு பரீட்சை அன்னைக்கு ஒரு அகம்பனிஸ்ட், அதோட சரி. சொனாட்டாவை அப்படி வாசிக்க முடியாது. பாதி இசை பியானோகிட்ட இருக்கு.

அநாதைப் பிள்ளைகளோட பள்ளி

கன்சர்வேட்டரி வேணும்னு சொல்றது இதனாலதான். அந்த வார்த்தைக்கு இத்தாலியில முதல் அர்த்தம், காப்பகம். 16-ஆம் நூற்றாண்டுல நேப்பிள்ஸ் நகரத்துல ஆதரவில்லாத பிள்ளைகளை வச்சுக் காப்பாத்தின இல்லங்களுக்குத்தான் அந்தப் பேர். அந்தப் பிள்ளைகளுக்கு இசை கத்துக்கொடுத்தாங்க. பின்னாடி இசைப் பள்ளிக்கே அது பேராயிடுச்சு.

2008-ல ஏ.ஆர்.ரஹ்மான் சென்னையில கே.எம். மியூசிக் கன்சர்வேட்டரி தொடங்கினார். அதோட சேர்ந்து உருவான சன்ஷைன் ஆர்கெஸ்ட்ரா, வசதியில்லாத குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இலவசமா வாத்தியம் கத்துக்கொடுக்குது. அந்தப் பழைய அர்த்தம் நம்ம ஊர்ல திரும்ப உயிர் பெற்ற மாதிரிதான் எனக்குத் தோணுது.

எதைக் கேட்கணும்?

மாணவர் ரிசைட்டலுக்குப் போனா மூணு விஷயம் கவனிங்க. முதல்ல, வயலின்காரர் பியானோகிட்ட ‘ஏ’ சுரம் வாங்கித் தந்தியைச் சேர்ப்பார். பியானோவை மேடையில மாத்த முடியாது, அதனால வயலின்தான் வளைஞ்சு கொடுக்கணும்.

ரெண்டாவது, சொனாட்டாவுல மூணு இல்ல நாலு பகுதி இருக்கும். நடுவுல கை தட்ட மாட்டாங்க. கச்சேரி முழுக்க ஒரே ஆதார சுருதிங்கிற நம்ம வழக்கம் அங்கே இல்ல. ஆதாரமே இடம் மாறும், போய்ச் சுத்திட்டு வீடு திரும்பும். கிரகபேதம் கேட்டுப் பழகின காதுக்கு இது புரியும்.

மூணாவதுதான் முக்கியம். யார் முன்னாடி போறாங்க, யார் விட்டுக்கொடுக்கிறாங்கன்னு பாருங்க. பியானோ பெரிய வாத்தியம், கொஞ்சம் அசந்தா வயலினை மூழ்கடிச்சிடும். நல்ல மாணவர் அங்கே தன் கையை அடக்குவார். தனியா உட்கார்ந்து சாதகம் பண்ணி இதைக் கத்துக்க முடியாது. ஒரு நல்ல பியானோ, ஒரு அறை, கூட வாசிக்க ஒரு ஆள், சில வருஷம். இவ்வளவும் வேணும்.

வயலின் தானா நம்ம வாத்தியமாகல. மணலியில யாரோ ஒருத்தர் ஒரு பையனுக்கு மூணு வருஷம் வாத்தியார் சம்பளம் கொடுத்தாங்க. பியானோவுக்கும் அந்த மூணு வருஷம்தான் தேவைப்படுது, ஒரு பிள்ளைக்கு இல்ல, நிறைய பிள்ளைங்களுக்கு.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.