நைல் நதியில் ஒரு பகல்

நைல் நதி தெற்கே பிறந்து வடக்கே ஓடுவது. ஆகவே எகிப்தின் தென்பகுதி மேல் எகிப்து என்றும், கடலையடுத்த வடபகுதி கீழ் எகிப்து என்றும் வழங்கப்படுகின்றன. நீர் வடக்கே ஓட, காற்றோ பெரும்பாலும் வடக்கிலிருந்து தெற்கே வீசுகிறது. வடக்கே போக விரும்பும் ஓடக்காரன் ஓடத்தை நீரோட்டத்தில் விட்டுவிடலாம். தெற்கே போக விரும்புவோன் பாயை விரித்தால் போதும். பண்டை எகிப்தியரின் சித்திர எழுத்தில் தெற்கே செல்லுதல் என்னும் பொருளுக்குப் பாய் விரித்த படகையும், வடக்கே செல்லுதல் என்னும் பொருளுக்குப் பாயில்லாத படகையும் வரைந்தனர். இயற்கை இவ்வாறு அமைத்துக் கொடுத்த இருவழிப் பாதையினால்தான் அரசனுடைய ஆணையும், குடியானவனுடைய தானியமும், மலையினின்று வெட்டிய கல்லும் அந்நாட்டின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு எளிதிற் சென்றன.

இன்று அந்நதியில் பாயை நம்பிச் செல்வோர் சிலரே. லக்ஸருக்கும் அஸ்வானுக்கும் இடையிலுள்ள ஏறக்குறைய 130 மைல் தூரத்தை, மேல்தளத்தில் நீச்சற்குளம் அமைந்த எந்திரக் கப்பல்கள் மூன்று நான்கு நாட்களில் கடக்கின்றன. நாம் ஏறிய கப்பல் எஸ்னா அணையின் நீர்க்கதவுகளை இரவிற் கடந்து, விடியுமுன் எட்பு நகரத்தின் துறையில் நின்றது. துறையிலிருந்து கோயிலுக்குக் குதிரை வண்டியிற் போக வேண்டும். அக்குதிரைகளின் விலாவெலும்புகளை எண்ணிவிடலாம். அவற்றை ஓட்டுவோரும் கொழுத்தவர்கள் அல்லர்.

எட்பு கோயில் ஹோரஸ் என்னும் இராஜாளித் தெய்வத்திற்காக எடுக்கப்பட்டது. பிரமிடுகளைப் போல மிகப் பழமையானதன்று. கிரேக்க வமிசத்தவனாகிய மூன்றாம் தாலமியின் ஆட்சியில், கி.மு. 237இல் அடிக்கல் நாட்டப்பட்டு, கி.மு. 57இல் பன்னிரண்டாம் தாலமியின் காலத்தில் நிறைவுற்றது. தொடக்கம் முதல் முடிவு வரை 180 ஆண்டுகள்! வாயிற் கோபுரங்கள் ஏறக்குறைய 118 அடி உயரம் உள்ளன. வெளியே வெயில் கொளுத்தும் முற்றம். அதனையடுத்துத் தூண் மண்டபம். உள்ளே செல்லச் செல்லத் தரை உயர்கிறது, கூரை தாழ்கிறது, வெளிச்சம் குறைகிறது. கடைசியில் இருள் சூழ்ந்த கருவறையில், ஒரே கல்லிற் குடைந்து மெருகேற்றிய மாடம் ஒன்று நிற்கிறது. நம் நாட்டுக் கோயில்களை அறிந்தவர்க்கு இவ்வமைப்பின் நோக்கம் சொல்லாமலே விளங்கும். பொதுமக்களுக்கு வெளி முற்றத்தோடு சரி. உள்ளே நுழையும் உரிமை அரசனுக்கும் புரோகிதருக்குமே உண்டு. அரசன் தலைநகரில் இருந்தபடியால் உண்மையில் அது புரோகிதரின் தனியுரிமையே ஆயிற்று.

இக்கோயிலில் நம் மனத்தை ஈர்த்தவை கோபுரமும் அன்று, கருவறையும் அன்று. முன்மண்டபத்திலே ஓர் ஒடுங்கிய சிற்றறை இருக்கிறது. அது நூல் நிலையம். அங்கிருந்த ஏடுகளின் பெயர்ப் பட்டியல் அதன் சுவரிலேயே செதுக்கப்பட்டுள்ளது. மற்றோர் அறையின் சுவர்களில் நறுமணத் தைலங்களும் புகைப்பொருள்களும் செய்யும் முறை பொறிக்கப்பட்டுள்ளது. கல்வி அங்கே இருந்தது. ஆனால் மதிலுக்குள் இருந்தது. சித்திர எழுத்தைக் கடைசிக் காலத்தில் புரோகிதர் மேலும் மேலும் கடினமாக்கினர். எழுநூறு, எண்ணூறு குறிகளோடு நின்ற எழுத்து, தாலமிகளின் காலத்தில் ஆயிரக்கணக்கான குறிகளாய்ப் பெருகியது. பிறர் கற்றலாகாது என்னும் எண்ணமும் அதில் கலந்திருந்தது என்றே நாம் கருதுகிறோம். விளைவு என்ன? பழைய சமயம் ரோமச் சக்கரவர்த்திகளால் தடை செய்யப்பட்டபின், அவ்வெழுத்தைத் தாங்கி நிற்கக் கோயிலுக்கு வெளியே ஒருவரும் இல்லை. கி.பி. 394இல் அஸ்வானுக்கு அருகிலுள்ள பிலே தீவில் கடைசிக் கல்வெட்டு வெட்டப்பட்டது. அதன் பின்னர் 1822இல் ஷாம்போலியன் என்னும் பிரெஞ்சு அறிஞர் பொருள் காணும் வரை, 1,400 ஆண்டுகளுக்கு மேலாக, இச்சுவர்கள் முழுவதும் எழுதப்பட்டிருந்தும் படிப்பாரின்றிக் கிடந்தன. கோயிலும் மணலாலும் குப்பையாலும் மூடப்பட்டது. அதன் கூரைமீதே ஏழைகள் வீடு கட்டி வாழ்ந்தனர். 1860இல் மரியெத் என்பார் அவ்வீடுகளை அகற்றி மண்ணை அள்ளியபோதுதான் கோயில் மறுபடியும் வெளிப்பட்டது.

இன்னொன்றையும் இச்சுவர்களே கூறுகின்றன. கட்டட வேலை இடையில் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் நின்றுபோனது; காரணம் கலகம். கி.மு. 217இல் சிரியா அரசனோடு போர் மூண்டபோது, படைக்கு ஆள் போதாமையால் நான்காம் தாலமி எகிப்தியக் குடியானவர்களின் கையில் ஆயுதம் கொடுத்தான். ராபியா போரில் அவர்கள் வெற்றி ஈட்டித் தந்தனர். கிரேக்க அதிகாரிகளுக்கு வரி கட்டித் தலைகுனிந்து வாழ்ந்தவர்கள், தம் கை வலியைக் கண்டுகொண்ட பிறகு பழையபடி அடங்கியிருப்பார்களா? கி.மு. 206 அளவில் மேல் எகிப்து முழுவதும் கிளர்ந்தெழுந்தது. தீப்ஸ் நகரில் உள்நாட்டு அரசன் ஒருவன் முடிசூடினான். கி.மு. 186இல் அக்கிளர்ச்சி அடக்கப்பட்டது. கோயிற் சுவரில் அவர்களுக்குக் கிடைத்த பெயர் கலகக்காரர் என்பதே. எழுதுகோலைப் பிடித்தவர் புரோகிதர், வேறென்ன எழுதுவர்?

எட்புவிலிருந்து கிழக்கே பாலைவனத்தைக் கடந்து செங்கடலுக்குச் செல்லும் பண்டைப் பாதை ஒன்று உண்டு. ஆப்பிரிக்காவிற் பிடித்த போர் யானைகள் கடற்கரையிலுள்ள பெரனிகே துறையில் இறக்கப்பட்டு, இவ்வழியாகவே நைலுக்கு வந்தன. வழியில் கனாயிஸ் என்னும் இடத்துப் பாறையில், பாதுகாப்பாக வந்து சேர்ந்ததற்குக் கிரேக்கத் தெய்வத்திற்கு நன்றி கூறி, சோபோன் என்னும் இந்தியன் கிரேக்க மொழியில் எழுதி வைத்திருக்கிறான். அவனைத் தமிழன் என்று நாம் உரிமை கொண்டாட வேண்டியதில்லை. தமிழருக்கு அதனினும் உறுதியான சான்றுகள் அக்கடற்கரையிலேயே கிடைத்துள்ளன. பெரனிகேயிலும் குசேர் அல்காதிமிலும் அகழ்ந்தெடுத்த பானையோடுகளில் தமிழ் பிராமி எழுத்துக்கள் காணப்படுகின்றன. கணன், சாதன் என்பன குசேரில் கண்ட பெயர்கள். பானை உறியைக் குறிக்கும் ‘பானை ஒறி’ என்னும் சொல் எழுதிய ஓடும் அங்கே கிடைத்தது. பெரனிகேயில் கோயிலொன்றின் முற்றத்தில், இந்தியச் சாடி ஒன்றினுள் ஏழரைக் கிலோ மிளகு அப்படியே இருந்தது. இச்சரக்குகள் ஒட்டகத்தின் முதுகில் நைற்கரைக்கு வந்து, படகேறி அலெக்ஸாந்திரியாவுக்குச் சென்றன. சாதனும் கணனும் அரசரல்லர், புரோகிதருமல்லர். தம் பானையில் தம் பெயரைத் தாமே எழுதத் தெரிந்த சாதாரண மனிதர். எட்பு நூலறையைக் கண்ட கண்ணுக்கு அவ்வோட்டுத் துண்டுகளின் பெருமை நன்கு விளங்கும்.

நிற்க. நடுப்பகலில் கப்பல் மீண்டும் புறப்பட்டது. இருகரையிலும் கரும்பும் பேரீச்சையும். அவற்றிற்கு அப்பால் ஒரு கல்லெறி தூரத்தில் பாலை. நாலைந்து மணி நேரத்திற்குப்பின் இருபுறமும் குன்றுகள் நெருங்கி, நதி மிகக் குறுகிய இடத்தை அடைந்தோம். அதன் பெயர் ஜெபெல் சில்சிலா. பெரும்பாலான கப்பல்கள் இங்கு நிற்பதில்லை. எமது கப்பலும் நிற்கவில்லை. ஆயினும் அன்று கண்டவற்றுள் முதலிடம் இதற்கே தருவோம். கர்னாக், லக்ஸர், எட்பு, கோம் ஓம்போ ஆகிய இடங்களிலுள்ள பெருங்கோயில்களுக்கு வேண்டிய மணற்கல் இக்குன்றுகளிலிருந்தே வெட்டப்பட்டது. கத்தியாற் பணியாரத்தை அறுத்தாற்போல் மலை நேர்செங்குத்தாக அறுபட்டு நிற்கிறது. உளியின் கோடுகள் கப்பலிலிருந்தே தெரிகின்றன.

இங்கே முதலாம் சேத்தி மன்னன் வைத்த கல்வெட்டு ஒன்றில், கல் வெட்ட வந்த ஆயிரம் ஆட்களுக்கு நாள்தோறும் ரொட்டியும் கீரையும் சுட்ட இறைச்சியும் குறைவறக் கொடுத்ததாகப் பெருமை பேசப்பட்டிருக்கிறது. அது துரை சொல்லும் கணக்கு. ஆட்கள் சொல்லும் கணக்கு வேறிடத்தில் இருக்கிறது. லக்ஸருக்கு எதிர்க்கரையிலுள்ள தேர் எல்மதீனா என்னும் ஊர், அரசர்களின் கல்லறைகளைக் குடைந்த தொழிலாளர் குடும்பத்தோடு வாழ்ந்த லயம் போன்றது. அங்கும் கிராணி உண்டு, செக்ரோலும் உண்டு. இரண்டாம் ராம்ஸெஸின் 40ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த வருகைப் பதிவு, சுண்ணாம்புக்கல் துண்டொன்றில் எழுதப்பட்டது, இன்று பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. வராத நாளும், வராத காரணமும் அதில் உள்ளன: ஒருவனைத் தேள் கொட்டியது, ஒருவனுக்குக் கண் நோய், ஒருவன் இறந்த தாயைப் பதப்படுத்தச் சென்றான். நம் பாட்டன்மாரைப் பெயர் சொல்லி அழைத்த பிரட்டுக் களத்தை இத்துண்டு நினைவூட்டவில்லையா?

அவர்களுக்குக் கூலி நாணயமன்று, தானியம். மூன்றாம் ராம்ஸெஸின் 29ஆம் ஆட்சியாண்டில், கி.மு. 1157 அளவில், அத்தானியம் நாட்கணக்கில் தவறியது. தொழிலாளர் கருவிகளைப் போட்டுவிட்டுக் காவல் சுவர்களைக் கடந்து சென்று, கோயிலொன்றின் பின்புறத்தில் உட்கார்ந்துவிட்டனர். பசியும் தாகமும் தங்களை இங்கே கொணர்ந்தன என்றும், உடையில்லை, எண்ணெயில்லை, மீனில்லை, கீரையில்லை என்றும், இதனை அரசனுக்கு எழுதுங்கள் என்றும் கூறினர். உலக சரித்திரத்தில் எழுத்திற் பதிவாகி நமக்குத் தெரிந்த முதல் வேலை நிறுத்தம் இதுவே. அமென்நக்த் என்னும் எழுத்தர் குறித்து வைத்த அந்தப் பாப்பிரஸ் ஏடு இத்தாலியில் தூரின் நகரில் இருக்கிறது. நிலுவை கொடுக்கப்பட்டது, பின்பு மறுபடியும் தவறியது, அவர்களும் மறுபடியும் உட்கார்ந்தனர். இதே அரசன்தான் மெதினெத் ஹாபுவில் தன் வெற்றிகளைச் சுவர் சுவராகச் செதுக்குவித்தவன். அதற்குரிய கல்லும் இந்தச் சில்சிலாவிலிருந்து சென்றதே.

மாலையில் கோம் ஓம்போ. கோயில் ஆற்றுக்கு மேலேயே மேட்டின்மீது நிற்பதால் கப்பலிலிருந்து நடந்தே ஏறலாம். ஆற்றுப் பக்கத்துக் கோபுரத்தின் ஒரு பாதியை வெள்ளம் அரித்துக்கொண்டு போய்விட்டது. இஃது இரட்டைக் கோயில். மூத்த ஹோரஸுக்கு ஒரு பாதி, சோபெக் என்னும் முதலைத் தெய்வத்திற்கு மறுபாதி. ஆற்றில் மனிதரை விழுங்கிய விலங்கை அடக்க வழியறியாதபோது, அதனைக் கும்பிட்டுச் சமாதானம் செய்துகொள்ள முற்பட்டனர் போலும். பதப்படுத்திய முதலைகளும், குட்டிகளும், முட்டைகளும் 2012இல் திறந்த காட்சிசாலையில் வரிசையாகக் கிடக்கின்றன. இரு கருவறைகளுக்கும் நடுவே சுவருக்குள் ஒளிந்த சிற்றறை ஒன்று உண்டு. அதிலிருந்து புரோகிதர் பேச, தெய்வமே பேசியதாக மக்கள் நம்பினர் என்று வழிகாட்டிகள் சொல்லுகின்றனர். பின்புற மதிலில் கத்தி, இடுக்கி முதலிய கருவிகளின் சிற்பம் இருக்கிறது. அறுவை மருத்துவக் கருவிகள் என்பர் பலர்; சடங்குக் கருவிகள் என்பாரும் உளர்.

ஆயினும் இக்கோயிலின் உயிர்நிலை முதலையன்று. முற்றத்து ஓரத்தில் படிகளோடு இறங்கும் வட்டமான கிணறு. நதியோடு தொடர்புடைய இக்கிணற்றில் வெள்ளத்தின் உயரத்தை அளந்தனர். அவ்வளவைக் கொண்டே அவ்வாண்டு விளைச்சலும் வரியும் மதிக்கப்பட்டன. மெம்பிஸ் நகரத்து அளவுகோலில் 12 முழமானால் பஞ்சம், 16 முழமானால் செழிப்பு என ரோமாபுரியின் பிளினி எழுதியிருக்கிறார். வெள்ளத்தைத் தந்தது எதியோப்பிய மலைநாட்டில் பெய்த மழை. அளவுகோலைக் கையில் வைத்திருந்தது கோயில். வரியைக் கட்டியது குடியானவன்.

அந்த வெள்ளம் இனி வாராது. 1960இல் தொடங்கி 1970இல் முடிந்த அஸ்வான் உயர் அணை அதனைத் தடுத்து நிறுத்திவிட்டது. எகிப்துக்கு மின்சாரமும், ஆண்டு முழுவதும் பாசனமும் கிடைத்தன. பஞ்ச பயம் நீங்கியது. அணைக்குத் தெற்கே நூபியர் நாடு நீரில் மூழ்கியது. அபு சிம்பெல் கோயிலை 1964 முதல் 1968 வரை ஆயிரத்துக்கு மேற்பட்ட துண்டுகளாக அறுத்து, ஏறக்குறைய 210 அடி மேலே தூக்கி வைத்தனர். உலக நாடுகள் நான்கு கோடி டாலர் அளவிற்குச் செலவை ஏற்றன. அதே காலத்தில், 1963இலும் 1964இலும், ஏறக்குறைய 50,000 நூபியர் தம் பேரீச்சந்தோப்புகளையும் முன்னோர் புதைகுழிகளையும் விட்டுக் கப்பலிலும் ரயிலிலும் ஏற்றப்பட்டு, நாம் நின்ற இந்தக் கோம் ஓம்போவைச் சுற்றியுள்ள நிலத்தில் குடியேற்றப்பட்டனர். ஆற்றங்கரையில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்களுக்கு ஆற்றை விட்டு விலகிய இடத்திலே வரிசை வீடுகள் கிடைத்தன. பல வீடுகள் அவர்கள் வந்து இறங்கியபோது கட்டி முடியவும் இல்லை.

தம் புதிய ஊர்களுக்கு அவர்கள் மூழ்கிய ஊர்களின் பெயர்களையே வைத்துக்கொண்டனர். தோஷ்கா, பல்லானா என்னும் அப்பெயர்கள் இன்றும் கோம் ஓம்போவின் சுற்றுப்புறத்தில் வழங்குகின்றன. கப்பல் விளக்கேற்றி அஸ்வானை நோக்கித் திரும்பியபோது, அவ்வூர்களின் திசையில் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்தோம். கரும்புத் தோட்டம் மறைத்திருந்தது.