கூரை வேயும் கைகள்

ஜப்பானின் ஷிரகாவா-கோ மலைப்பள்ளத்தாக்கில் உழவர்தம் பழைய இல்லங்கள் உள. கூப்பிய கைகளை ஒத்த செங்குத்துக் கூரையால் அவை ‘காஷ்ஷோ’ வீடுகள் எனப் பெயர் பெற்றன. கடும்பனி தங்காது சரியவே அவ்வமைப்பு. கூரைச் சட்டத்தில் ஆணியில்லை. கயிறும் வளையும் இளங்கொம்புகளுமே கட்டு. கீழே பெருங்குடும்பம் வாழ்ந்தது. மேற்பரணில் பட்டுப்புழு வளர்ந்தது.

புல்வேய்ந்த கூரை 30, 40 ஆண்டுகளே நிற்கும். அதைப் பிரித்து மீண்டும் வேய ஒரு குடும்பத்தின் கைகள் போதா. ‘யுயி’ என்னும் வழக்கப்படி ஊரே திரளும்; பெற்ற உழைப்பை உழைப்பாலேயே திருப்பித் தருவர். இளமையில் தந்தையோடு கூரையேறியவன் முதுமையில் தன் மகனை ஏற்றிவிடுவான். தன் வீட்டுக் கூரையில் ஓர் ஆயுளில் ஒன்றிரண்டு முறையே வாய்க்கும் கல்வி அது.

சென்ற நூற்றாண்டில் பட்டுத்தொழில் நலிந்தது. இளைஞர் நகரம் சென்றனர். 1961-இல் நிறைவுற்ற மிபோரோ அணை சில சிற்றூர்களை விழுங்கியது. வீடுகள் பல மறைந்தன. எஞ்சியவற்றைக் காக்க, 1971-இல் ஒகிமாச்சி ஊரார் உறுதி பூண்டனர்: விற்கமாட்டோம், வாடகைக்கு விடமாட்டோம், இடிக்கமாட்டோம். யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் அவ்வூர் இடம்பெற்றது 1995-இல்தான். உறுதிமொழி அதற்கு 24 ஆண்டு மூத்தது.

இன்று அரசு மானியமும் தொழில்முறை வேய்வோரும் துணை நிற்கின்றனர். யுயியும் முற்றும் அற்றுப்போகவில்லை. புல் பன்முறை மாறியது, கயிறு மாறியது, வீடு அதே வீடு.

மரபைப் பெற்றோம் என்று பெருமிதம் கொள்ளும் கவிஞர்காள், நம் தலைமுறை வேயவேண்டிய புல் எது?