நீலகிரி உருளைக்கிழங்கும் தங்க நூற்புழுவும்

நீலகிரி மலையின் உருளைக்கிழங்குப் பயிருக்குப் பெருங்கேடு செய்துவரும் நூற்புழு தங்க நூற்புழு ஆகும். 1961ஆம் ஆண்டில் உதகமண்டலத்தின் விஜயநகரம் பண்ணைப் பகுதியில் இது கண்டறியப்பட்டது. இங்கிலாந்தின் ராத்தம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த எப். ஜி. டபிள்யூ. ஜோன்ஸ் இதனை இனங்கண்டார். இந்தியாவில் இப்புழு பதிவானது அதுவே முதன்முறை. அறுபது ஆண்டுகள் கடந்தும் அது அந்த மண்ணை விட்டு நீங்கவில்லை.

நூற்புழு என்றால் என்ன?

நூற்புழுக்கள் மண்ணிலும் நீரிலும் வாழும் நுண்ணிய உருளைப்புழுக்கள் ஆகும். இவற்றுள் பல தீங்கற்றவை. சில மட்டும் பயிரின் வேரில் ஊசி போன்ற வாயுறுப்பைச் செலுத்திச் சாற்றை உறிஞ்சும். சமவெளியில் வாழ்வோரும் இவற்றின் வேலையைப் பார்க்கலாம். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்து வீட்டுத் தோட்டம் ஒன்றில், வாடிய கத்தரி அல்லது தக்காளிச் செடியைப் பிடுங்கும்போது வேரெங்கும் முடிச்சு முடிச்சாக இருந்தால், அது பெரும்பாலும் வேர்முடிச்சு நூற்புழுவின் வேலை.

மலையில் உள்ள தங்க நூற்புழு வேறு வகை. இதன் பெண்புழு வேரிலேயே உருண்டு பருத்து, வெள்ளை நிறத்திலிருந்து பொன்னிறமாகி, இறுதியில் பழுப்பு நிறக் கூடாக இறந்துபோகும். ஒரு மில்லிமீட்டருக்கும் சிறிய அக்கூட்டினுள் நூற்றுக்கணக்கான முட்டைகள் இருக்கும். அவை இருபது ஆண்டுகள் வரைகூட உயிருடன் காத்திருக்கும். உருளைக்கிழங்கு வேரிலிருந்து கசியும் பொருள் மண்ணில் பட்டதும் முட்டைகள் பொரிக்கும். பயிர் குட்டையாகி மஞ்சளிக்கும். கிழங்கு சிறுத்து விளைச்சல் குறையும்.

எங்கிருந்து வந்தது?

உருளைக்கிழங்கின் தாயகம் தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலை. இப்புழுவின் தாயகமும் அதுவே. உருளைக்கிழங்கு நீலகிரிக்கு ஆங்கிலேயர் காலத்தில் வந்து சேர்ந்தது. கிழங்கோடு ஒட்டிய மண்ணில் ஒரு கூடு இருந்தாலே போதும், புழு புதிய நிலத்தில் குடியேறிவிடும். தங்க நூற்புழுவின் நெருங்கிய இனமான வெளிர் நூற்புழுவும் நீலகிரியில் உள்ளது. பின்னர் கொடைக்கானல் மலையிலும் இவை காணப்பட்டன.

தடையும் நச்சு மருந்தும்

புழு பிற மாநிலங்களுக்குப் பரவாமல் தடுக்க, 1914ஆம் ஆண்டின் அழிவுப் பூச்சிகள் மற்றும் பீடைகள் சட்டத்தின்கீழ் 1971இல் நீலகிரி விதைக்கிழங்குக்குத் தடை விதிக்கப்பட்டது. நாட்டின் நலனுக்காக எடுத்த இந்நடவடிக்கையின் சுமை மலை விவசாயிகள் மீது விழுந்தது. தம் கிழங்கை வெளிமாநிலங்களுக்கு விதையாக விற்கும் வழி அவர்களுக்கு அடைபட்டது.

மண்ணில் புகையாகப் பரவும் மருந்துகளும் குருணை மருந்துகளும் பயன்படுத்தப்பட்டன. புழுவின் எண்ணிக்கை குறைந்தது. ஆனால் அது அழியவில்லை. கூட்டின் கெட்டியான தோல் முட்டைகளைக் காத்தது. எஞ்சிய சில கூடுகளே அடுத்த போகங்களில் மீண்டும் பெருகப் போதுமானவையாக இருந்தன.

எதிர்ப்புத்திறன் கொண்ட இரகம்

மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிறுவனம் உதகை அருகே முத்தோரையில் உள்ள தன் நிலையத்தின் வழியாக மாற்று வழியைத் தேடியது. அதன் பயனாக 1985இல் குப்ரி சுவர்ணா என்னும் இரகம் வெளியிடப்பட்டது. இது இருவகை நூற்புழுக்களையும் பின்பருவக் கருகல் நோயையும் தாங்கக்கூடியது. இத்தகைய இரகத்தின் வேர் முட்டைகளைப் பொரிக்கச் செய்யும். ஆனால் உள்ளே நுழையும் இளம்புழு முதிர்ந்து முட்டையிட இயலாது. இவ்வாறு பயிரே பொறியாகிறது.

எனினும் ஒரே இரகத்தையே தொடர்ந்து பயிரிடுவது ஆபத்து. இங்கிலாந்தில் மாரிஸ் பைப்பர் என்னும் இரகம் தங்க நூற்புழுவைத் தடுத்தது; அதைத் தடையின்றிப் பயிரிட்டதால் வெளிர் நூற்புழு மேலோங்கியது. எனவே கேரட், முட்டைக்கோசு, பூண்டு, பீன்ஸ் போன்ற மாற்றுப் பயிர்களைச் சுழற்சி முறையில் இடுவது இன்றியமையாதது.

உயிரியல் கட்டுப்பாடு

புழுவிற்கும் மண்ணில் பகைவர் உண்டு. ராத்தம்ஸ்டெட்டில் பிரையன் கெர்ரி தானியப் பயிரின் முட்டைக்கூடு நூற்புழுவை ஆராய்ந்தார். எளிதில் தாக்குண்ணும் பயிரையே ஆண்டுதோறும் விதைத்த வயல்களிலும் புழு பெருகாமல் இருப்பதற்கு, பெண்புழுவையும் முட்டையையும் தாக்கும் பூஞ்சைகளே காரணம் என அவர் காட்டினார். பெரு நாட்டில் 1979இல் பார்விஸ் ஜட்டாலாவும் உடன் பணியாற்றியவர்களும், வேர்முடிச்சு நூற்புழுவின் முட்டைகளை உண்ணும் மற்றொரு பூஞ்சையைக் கண்டறிந்தனர். பர்பியூரோசில்லியம் லிலாசினம் எனப்படும் அது இன்று உயிர் உரக்கடைகளில் கிடைக்கிறது. தமிழ்நாட்டில் சூடோமோனாஸ் புளோரசன்ஸ் என்னும் பாக்டீரியாவும் நூற்புழுவிற்கு எதிராகப் பரிந்துரைக்கப்படுகிறது.

இவ்வுயிரிகள் நச்சு மருந்தைப்போல் உடனே பலன் தருவதில்லை. ஈரம், வெப்பம், மட்கு ஆகியவை பொருந்தினால்தான் அவை பெருகும். ஆகவே தொழுவுரம் இட்ட மண்ணில், பயிர்ச்சுழற்சியோடும் எதிர்ப்பு இரகத்தோடும் சேர்த்தே இவற்றைப் பயன்படுத்த வேண்டும்.

இன்றைய நிலை

இமாச்சலப் பிரதேசம், உத்தராகண்ட், ஜம்மு காஷ்மீர் ஆகிய பகுதிகளிலும் இப்புழு காணப்பட்டதால், 2018இல் அங்கிருந்து விதைக்கிழங்கு வெளியே செல்வதற்கு மத்திய அரசு தடை விதித்தது. நீலகிரியில் தொடங்கிய சிக்கல் இமயத்திலும் எழுந்துள்ளது. ஒரு முறை குடியேறிய புழுவை முழுமையாக அகற்றுவது மிக அரிது. அதன் எண்ணிக்கையைப் பயிருக்குத் தீங்கு செய்யாத அளவில் வைத்திருக்க முடியும். மண் ஒட்டாத, தூய விதைக்கிழங்கை நடுவதே அதற்கு முதற்படி.