ஏரி வாரியமும் எழுத்து வாரியமும்

தலைநகர் தில்லியில் சப்தர்ஜங் கல்லறைக்கும் நிஜாமுதீனுக்கும் இடையே கிழமேற்காக நீண்டு கிடப்பது லோதி ரோடு. அதன் வடபால் பழைய சுல்தான்களின் கல்லறைகள் சூழ்ந்த பூங்கா அமைந்துள்ளது. அருகே லோதி எஸ்டேட்டில் தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி ஒன்று உள்ளது. கிழக்கு நோக்கிச் சென்றால் மைய அரசின் அலுவலகங்கள் அடுக்கடுக்காக நிற்கும் சி.ஜி.ஓ. வளாகத்தைக் காணலாம். பள்ளியில் நம் குழந்தைகள் தமிழ் எழுத்தைக் கையால் எழுதிப் பயில்கின்றனர். வளாகத்திலோ, அதே எழுத்தைக் கணிப்பொறியில் ஏற்றிய வரலாற்றில் பங்குகொண்ட அரசுத் துறையின் தலைமையகம் இருக்கிறது. 'எலெக்ட்ரானிக்ஸ் நிகேதன்' என்பது அதன் பெயர்.

இன்று கையடக்கத் தொலைபேசியில் பேத்தி தமிழில் ஒரு வரி எழுத, ஊரிலுள்ள பாட்டி அதை அக்கணமே படிக்கிறார். இவ்வெழுத்தைச் சுமந்து செல்வோர் யாவர்? அரசா, வணிக நிறுவனங்களா? இருவருக்கும் பங்கு உண்டு. ஆயினும், ஊதியம் கருதாது தம் ஓய்வு நேரத்தை ஈந்த தன்னார்வலர் கூட்டம் ஒன்று இடையில் இல்லையேல் இவ்வரி எழுதப்பட்டிராது. அவர்தம் பணியையும், அப்பணி இன்று வேண்டி நிற்பது யாது என்பதையும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பொது ஏரி

கணிப்பொறிக்கு மனிதன் எழுதித் தரும் கட்டளைத் தொகுதியே மென்பொருள். அதனை எழுதியவர் படிக்கும் வடிவத்திற்கு மூலநிரல் என்று பெயர். மூலநிரலைப் பூட்டி வைத்துப் பயனை மட்டும் விற்பது வணிக முறை. அதனை யாவரும் படிக்கவும், திருத்தவும், பிறர்க்கு வழங்கவும் உரிமை அளித்து வெளியிட்டால் அது கட்டற்ற மென்பொருள் எனப்படும். திறந்த மூல மென்பொருள் என்றும் வழங்குவர்.

1983ஆம் ஆண்டு செப்டம்பரில் அமெரிக்கரான ரிச்சர்ட் ஸ்டால்மன் 'க்னூ' என்னும் திட்டத்தை அறிவித்து இவ்வியக்கத்திற்கு வித்திட்டார். 1989இல் அவர் வகுத்த பொது உரிமம், பெற்றதைத் திருத்தி வெளியிடுவோர் அத்திருத்தத்தையும் அதே உரிமையோடு வழங்க வேண்டும் என விதித்தது. 1991இல் பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 'லினக்ஸ்' எனும் கருவைப் படைத்து உலகின் முன் வைத்தார். இன்றைய ஆண்ட்ராய்டு தொலைபேசிகள் யாவும் அக்கருவின் மீதே இயங்குகின்றன.

தமிழர்க்கு இக்கருத்துப் புதியதன்று. ஊர்ப் பொது ஏரியை அறிந்தவர்க்கு இதை விளக்க வேண்டுவதில்லை. ஏரி எவர் ஒருவருக்கும் உரியதன்று. பாசனம் எல்லோர்க்கும் உண்டு. கரையைக் காக்கும் கடமையும் எல்லோர்க்கும் உண்டு.

லோதி ரோட்டின் பங்கு

1980களில் மைய அரசின் மின்னணுத் துறை, இந்திய மொழிகளுக்கெனப் பொதுவானதொரு குறியீட்டு முறையை வகுத்தது. 'இஸ்கி' எனப்பட்ட அம்முறை 1988இல் திருத்தம் பெற்று, 1991இல் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஏற்பைப் பெற்றது. பிராமியின் வழிவந்த எழுத்துகள் அனைத்தையும் ஒரே வரிசையில் அடுக்கும் திட்டம் அது. 1991இல் வெளிவந்த உலகப் பொதுக் குறியீடாகிய யூனிகோடு, அதாவது ஒருங்குறி, இந்திய மொழிகளுக்கு இஸ்கியின் அடுக்கையே அடிப்படையாகக் கொண்டது. அதன் அடையாளம் இன்றும் தெரிகிறது. தமிழுக்கு ஒதுக்கப்பட்ட 128 இடங்களில் ககரத்தை அடுத்து மூன்று இடங்கள் வெற்றாகக் கிடக்கின்றன. வடமொழி வரிசையின் வர்க்க எழுத்துகளுக்குரிய அவ்விடங்களை நிரப்பத் தமிழில் எழுத்து இல்லை. தமிழுக்கு இவ்வடுக்கு இயல்பானதன்று என்று அறிஞர் பலர் குறைகூறினர். 2010இல் தமிழக அரசு ஒருங்குறியோடு, 'டேஸ் 16' எனும் அனைத்தெழுத்துக் குறியீட்டையும் தரமாக அறிவித்தது அக்குறையின் விளைவே.

1991 அளவில் மின்னணுத் துறை இந்திய மொழிகளுக்கான தொழில்நுட்ப வளர்ச்சித் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. அதன் பயனாக, தமிழ் எழுத்துருக்களும் மென்பொருள்களும் அடங்கிய குறுந்தகடு 2005 ஏப்ரலில் சென்னையில் வெளியிடப்பட்டு, கேட்டோர்க்கு இலவசமாக வழங்கப்பட்டது. சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனம் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டு 'பாஸ்' எனும் இயங்குதளத்தை உருவாக்கியது.

2015இல் லோதி ரோட்டிலிருந்து ஒரு கொள்கை அறிவிக்கை வெளிவந்தது. அரசின் மின்னாளுகைப் பணிகளில் திறந்த மூல மென்பொருளுக்கே முன்னுரிமை தர வேண்டும். பூட்டிய மென்பொருளைத் தேர்வோர் அதற்குக் காரணம் காட்ட வேண்டும் என்பது அதன் சாரம். வரவேற்கத்தக்க கொள்கை என்பதில் ஐயமில்லை. ஆயினும், மூலநிரலைத் திறந்து வைப்பது வேறு. திறந்ததைப் பேணுவது வேறு. 2020 மேத் திங்களில், பெருந்தொற்றுக் காலத்தில், அதே சி.ஜி.ஓ. வளாகத்திலுள்ள தேசியத் தகவலியல் மையம் 'ஆரோக்கிய சேது' செயலியின் மூலநிரலை வெளியிட்டது. வெளியிட்ட நிரல், மக்கள் கையிலிருந்த செயலியோடு உடனுக்குடன் ஒத்துச் செல்லவில்லை என்று வல்லுநர் சிலர் அப்போதே சுட்டினர். கதவைத் திறந்தால் மட்டும் போதாது. நாள்தோறும் முற்றம் தெளிக்கவும் வேண்டும்.

புலம்பெயர்ந்தோர் ஆற்றிய பணி

இனி, வரலாற்றின் மறுபக்கத்தைக் காண்போம். தாயகத்தில் வாழ்வோர்க்குத் தமிழ் கடைத்தெருவிலும் சுவரொட்டியிலும் கிடைத்தது. அயலகத்திலிருந்தோர்க்கு அது கிடைக்கவில்லை. எனவே, கணிப்பொறியில் தமிழ் வேண்டும் என்னும் வேட்கை அவர்களிடையே முந்திப் பிறந்தது. 1985இல் மலேசியாவின் முத்து நெடுமாறன் 'முரசு' மென்பொருளை உருவாக்கினார். சிங்கப்பூரின் நா. கோவிந்தசாமி 1990களின் நடுவில் இணையத்தில் தமிழை ஏற்ற வழிகண்டு, 1997இல் முதல் தமிழிணைய மாநாட்டை அங்கே கூட்டினார்.

ஆனால் அக்காலத்தில் ஒரு பெருங்கேடு இருந்தது. ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஓர் எழுத்துருவை ஆக்கி, தன் விருப்பப்படி எண்களை அமைத்துக்கொண்டது. ஒருவர் தட்டச்சு செய்த கட்டுரையை, அதே எழுத்துரு இல்லாத மற்றொருவர் திறந்தால் அயல் எழுத்துக் குப்பையே தென்பட்டது. எழுத்துருவைச் செய்தவர் தொழிலை விட்டால், அதில் எழுதியதும் அவரோடு போயிற்று. ஊருக்கு ஓர் ஏரி இன்றி, வீட்டுக்கொரு பூட்டிய கிணறு இருந்த நிலை எனலாம். அந்நாளில் சேமித்த தமிழ்க் கோப்புகளைத் திறக்கவியலாது கைவிட்ட குடும்பங்கள் இன்றும் உண்டு.

இந்நிலையை மாற்றப் பல நாடுகளிலிருந்த தமிழ் ஆர்வலர்கள் தம்முள் கலந்தாய்ந்து 'திஸ்கி' எனும் பொதுக் குறியீட்டை வகுத்தனர். 1998 பொங்கல் திருநாளில் மதுரைத் திட்டம் தொடங்கிற்று; பின்னர் அதுவும் அக்குறியீட்டைத் துணைக்கொண்டது. சுவிட்சர்லாந்தில் பணியாற்றிய அறிவியலாளர் கு. கல்யாணசுந்தரம் அதனை ஒருங்கிணைத்தார். உலகின் பல மூலைகளிலிருந்தோர் பழந்தமிழ் நூல்களைப் பகிர்ந்துகொண்டு தட்டச்சிட, வேறு சிலர் மெய்ப்புத் திருத்தினர். நூல்கள் எவர்க்கும் விலையின்றிக் கிடைத்தன. பின்னர் ஒருங்குறி வலுப்பெற்றபோது, திஸ்கியில் இட்ட நூல்களை எல்லாம் அவர்கள் புதுக் குறியீட்டிற்கு மாற்றினர். பழைய ஏட்டைப் புது ஏட்டில் படியெடுத்த முன்னோர் செயலே மீண்டும் நிகழ்ந்தது. அது நிகழாதிருந்தால், அந்நூல்களும் பூட்டிய கிணற்று நீராகவே போயிருக்கும்.

2000களின் தொடக்கத்தில் 'தமிழா' எனும் குழுவினர், தட்டச்சுக்கென 'இ-கலப்பை' என்னும் கருவியை இலவசமாக வழங்கினர். லினக்ஸ் திரைகளுக்குரிய கே.டி.இ., க்னோம் முதலியவற்றையும் தன்னார்வலர் தமிழாக்கினர். கோப்பு, தொகு, சேமி என இன்று நாம் இயல்பாகத் திரையில் காணும் சொற்கள் இத்தகைய உழைப்பாலேயே நிலைபெற்றன. 2003இல் தமிழ் விக்கிப்பீடியா தோன்றியது. அதனை வளர்த்தெடுத்தவர்களுள் முதன்மையானவர் யாழ்ப்பாணத்தவரான இ. மயூரநாதன், அமீரகத்தில் பணியாற்றியபடியே அத்தொண்டைச் செய்தார். 2005இல் ஈழத்து நூல்களைக் காக்க 'நூலகம்' திட்டமும், 2012இல் கட்டற்ற மென்பொருளைத் தமிழில் விளக்கக் 'கணியம்' இதழும் எழுந்தன.

ஏரியும் தூரும்

காஞ்சிபுரத்தை அடுத்த உத்திரமேரூரில் முதற் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளைச் சார்ந்தவை. குடவோலையால் வாரிய உறுப்பினரைத் தேரும் முறையை அவை விரிக்கின்றன. குடவோலையைப் புகழ்ந்து பேசுவோர் பலர். அவ்வோலையால் தேர்ந்த வாரியங்களுள் ஒன்று ஏரி வாரியம் என்பதை நினைப்போர் சிலரே. கணக்குக் காட்டாதவர் மீண்டும் வாரியத்தில் அமரலாகாது என்ற விதியும் அங்கே உண்டு. ஏரியை வெட்டியவனுக்குப் புகழ் ஒருமுறை வந்தது. ஏரியைக் காத்தவர்க்கோ ஆண்டுதோறும் வேலை வந்தது. மழை பெய்யும்தோறும் மண் சேர்கிறது. தூர் எடாத ஏரி சில தலைமுறைகளில் மேடாகிறது. பிற்காலத்தில் ஊரார் கூடிச் செய்த இப்பணிக்குக் குடிமராமத்து என்று பெயர் வழங்கிற்று. அது நலிந்தபோது, 1858இல் சென்னை மாகாண அரசு கட்டாய உழைப்புச் சட்டம் ஒன்றை இயற்றியது. எனினும், மனமொப்பிச் செய்த வழக்கத்தைச் சட்டத்தால் மீட்டுத் தர முடியவில்லை.

மென்பொருளுக்கும் தூர் உண்டு. கருவிகள் மாறுகின்றன, இயங்குதளங்கள் புதிதாகின்றன, பிழைகள் வெளிப்படுகின்றன, மொழிபெயர்த்த சொற்கள் பழமையாகின்றன. ஆண்டு இரண்டு கவனியாது விட்டால் நேற்று இயங்கியது இன்று இயங்காது.

'கொ' என்னும் ஓர் எழுத்தையே எடுத்துக்கொள்வோம். கணிப்பொறியின் நினைவில் முதலில் ககரமும் அடுத்து ஒகரக் குறியும் இருக்கின்றன. திரையிலோ கொம்பு முதலிலும், ககரம் இடையிலும், கால் இறுதியிலும் வர வேண்டும். இம்மாற்றத்தைச் செய்யும் கட்டற்ற மென்பொருள்களுள் தலையாயது 'ஹார்ஃப்பஸ்'. ஆண்ட்ராய்டிலும், குரோம், ஃபயர்பாக்ஸ் உலாவிகளிலும் எழுத்தைக் கோத்துத் தருவது அதுவே. அதனைப் பேணும் கைகள் மிகச் சிலவே. பாட்டி படித்த அந்த வரி அக்கைகளின் வழியாகவே வந்தது.

பேணுவோர் குறைந்தால் நேர்வது யாது? 2014 ஏப்ரலில், உலகின் இணைய வணிகத்திற்கே பூட்டாக விளங்கிய 'ஓப்பன் எஸ்.எஸ்.எல்.' மென்பொருளில் பெரும் ஓட்டை ஒன்று வெளிப்பட்டது. வங்கிகளும் வணிக நிறுவனங்களும் நம்பியிருந்த அதற்கு முழுநேரப் பணியாளர் ஒருவரே இருந்தார் என்பதும், ஆண்டு நன்கொடை ஏறத்தாழ 2,000 டாலரே என்பதும் அப்போதுதான் உலகுக்குத் தெரிந்தது. 2024 மார்ச்சில் மற்றொன்று. 'எக்ஸ்.இஸட்.' எனும் சுருக்குக் கருவியை ஒருவர் தனியே, ஊதியமின்றிப் பல்லாண்டுகள் காத்து வந்தார். அவர் களைத்திருந்த வேளையில், பணி மெதுவாக நடக்கிறதே என்று அவரைக் கடிந்து எழுதியோரும் உளர். உதவுவார் போல் வந்த ஒருவர் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் உழைத்து நம்பிக்கை பெற்று, இறுதியில் அதனுள் கள்ள வழி ஒன்றை வைத்தார். கணிப்பொறியினுள் நுழைவது அரை நொடி தாமதமாவதைக் கண்டு ஐயுற்ற ஆந்த்ரெஸ் ஃபிராய்ண்ட் என்னும் பொறியாளரால் அச்சதி வெளிப்பட்டது. கரையைத் தனியொருவன் காத்தால், அவன் கண்ணயரும் பொழுதில் மடை உடையும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

நாம் செய்யத்தக்கன

இலவசமாகக் கிடைப்பதற்கு ஏன் உழைக்க வேண்டும், அரசு செய்யாதா என்று சிலர் வினவலாம். அரசு குறுந்தகடு தரும், கொள்கை வகுக்கும். ஆனால், பேச்சுத் தமிழிலும் நூல் தமிழிலும் நாள்தோறும் புகும் சொற்களை அறிந்து திருத்துவது தமிழைப் புழங்குவோரால் மட்டுமே இயலும். இத்தொண்டு வறியோர் தலையில் ஏற்றப்படும் இலவச வேலையாகிவிடக் கூடாது என்பதும் மெய்யே. பயன்பெறும் நிறுவனங்கள் பொருள் தர வேண்டும். பேணுவோர் உண்டு வாழ வேண்டும்.

நிரல் எழுதத் தெரிந்தவர்க்கு மட்டுமே இங்கு இடம் உண்டென எண்ண வேண்டா. ஓய்வுபெற்ற தமிழாசிரியர் மெய்ப்புத் திருத்தலாம். இல்லத்தரசியார் திரையில் கண்ட தவறான சொல்லைக் குறித்து அனுப்பலாம். மாணவர் பிழைதிருத்திக்குரிய சொற்பட்டியலைப் பெருக்கலாம். பொறியாளராகிய மகனும் மகளும் தம் நிறுவனத்தாரிடம் வாரத்தில் சில மணி நேரம் இப்பணிக்கெனக் கேட்டுப் பெறலாம். ஒன்றும் இயலாதவர், பேணுவோர்க்கு நன்றியாக நாலு வரி எழுதலாம். களைத்தவர் கைகளுக்கு அதுவும் வலிமை தரும்.

லோதி ரோட்டுப் பூங்காவில் நிற்கும் கல்லறைகள், கட்டியவர் மறைந்த பின்னும் பிறர் பேணியதால் நிற்கின்றன. கணிப்பொறியில் நிற்கும் தமிழுக்கும் அதுவே விதி. ஏரி வாரியம் அமைத்த முன்னோரின் வழித்தோன்றல்கள் நாம். வீட்டுக்கு ஒருவர் எழுத்து வாரியத்திலும் அமர்வோமாயின், பேத்தி எழுதும் வரியை அவள் பேரரும் படிப்பர்.