ஒல்லாந்தர் மொழியும் நம் திணைப் பாகுபாடும்

ஜெராமிலிருந்து வடக்கே செல்வோர் கோல சிலாங்கூரில் புக்கிட் மெலாவத்திக் குன்றைக் காண்பர். சிலாங்கூர் சுல்தான்களின் கோட்டை நின்ற அக்குன்றை 1784ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் கைப்பற்றித் தம் தலைமை ஆளுநரின் பெயரால் ஆல்டிங்ஸ்பர்க் என அழைத்தனர். மறு ஆண்டே சுல்தான் இப்ராகிம் அதனை மீட்டார். இங்கு அவர்தம் ஆட்சி நிலைக்கவில்லை. ஆயின் அவர்தம் சொற்கள் மலாய் உலகிலும் தமிழுலகிலும் நிலைத்தன. பணத்தைக் குறிக்கும் 'டூயிட்' என்னும் மலாய்ச் சொல் ஒல்லாந்தரின் சிறு செப்புக் காசின் பெயரே. ஈழத்தார் அலுவலகத்தைச் சுட்டும் 'கந்தோர்' என்பதும் நாம் அறிந்த 'கக்கூஸ்' என்பதும் அம்மொழியிலிருந்து வந்தவையே.

1658இல் யாழ்ப்பாணம் ஒல்லாந்தர் வசமாயிற்று. அங்குச் சமயப் பணியாற்றிய பல்தேயு பாதிரியார், 1672இல் ஆம்ஸ்டர்டாமில் வெளியிட்ட தம் நூலில் தமிழிலக்கணச் சுருக்கம் ஒன்றையும் சேர்த்தார். அவர் நம் மொழியை நோக்கியவாறே நாமும் அவர் மொழியை நோக்கின், நம் இலக்கணத்தின் இயல்பு நமக்கே தெளிவாகும்.

ஒல்லாந்த மொழியில் பெயர்ச்சொற்களின் முன் 'டெ', 'ஹெட்' என்னும் இரு சுட்டுகளுள் ஒன்று வரும். ஆடவனுக்கும் பெண்ணுக்கும் மேசைக்கும் 'டெ'. வீட்டிற்கும் குதிரைக்கும் 'ஹெட்'. சிறுமியைக் குறிக்கும் சொல்லும் 'ஹெட்' பெறும். அச்சொல் சிறுமைப் பொருள் தரும் விகுதி ஏற்றதே அதற்குக் காரணம். அங்குப் பால் சொல்லைப் பற்றியது. தமிழிலோ பொருளைப் பற்றியது. எனினும் குழந்தையை அவர்கள் 'ஹெட்' என்பதுபோல் நாமும் 'குழந்தை அழுதது' என்கிறோம். குழவி, மகவு முதலியன உயர்திணைப் பொருளவாயினும் அஃறிணை முடிபு கொள்ளும் என்பதனைத் தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் முன்னரே விதந்து கூறினார்.

சொற்கிடக்கையிலும் இத்தகைய ஒப்புமை உண்டு. 'நான் நூலை வாசிக்கிறேன்' என்பது அவர்கள் வாயில் 'இக் லேஸ் ஹெட் புக்' என்றாகும். வினை இரண்டாம் இடத்தில் நிற்கும். 'நான் நூலை வாசிப்பதால்' எனச் சார்புத் தொடராகுங்கால் 'ஓம்டாட் இக் ஹெட் புக் லேஸ்' என வினை இறுதிக்குச் செல்லும். எழுவாய், செயப்படுபொருள், வினை என்னும் நம் வரிசையே அங்கும் அமைகிறது. ஆனால் காரணங் காட்டும் சொல் அவர்களுக்குத் தொடரின் முதலில் நிற்க, நமக்கு வினையின் ஈற்றில் உருபாய் ஒட்டும்.

இவ்வொப்பீட்டால் நாம் பெறும் பாடம் ஒன்றுண்டு. பண்டை ஒல்லாந்த மொழியில் பால் மூன்று. நெதர்லாந்தின் பொதுவழக்கில் ஆண்பாலும் பெண்பாலும் 'டெ' என்னும் ஒரே சுட்டினுள் கலந்துவிட்டன. அரசாணை எதுவும் அவற்றைக் கலக்கவில்லை. ஈறுகள் தேய, நாவின் வழக்கே கலந்தது. மலாயில் அவன், அவள் இரண்டிற்கும் 'டியா' ஒன்றே. அது அம்மொழிக்கு நிறைவே, குறையன்று. ஆனால் தோட்டம் விட்டு நகர் புகுந்த நம் பிள்ளைகள் நாளெல்லாம் பிறமொழி பேசித் தமிழைத் தேர்வுக்கு மட்டும் கற்பாராயின், 'வந்தான், வந்தாள், வந்தது' என்னும் வேறுபாடு ஏட்டளவிலேயே எஞ்சும். நூற்பா காக்கும் இலக்கணத்தினும் வீட்டுப் பேச்சுக் காக்கும் இலக்கணமே நெடிது வாழும். ஆதலின் தோட்டத்துப் பள்ளியில் கற்பிப்பதனை வீட்டு முற்றத்திலும் பேசுதல் நம் கடன்.