தொழில்முனையும் எண்ணம் எங்கே முளைக்கிறது?



"படித்து முடித்து நல்ல வேலையில் சேர்ந்துவிடு" என்பதே நம் இல்லங்களில் பிள்ளைகளுக்குச் சொல்லப்படும் அறிவுரை. சொந்தத் தொழில் என்றாலோ தயங்குகிறோம். இத்தயக்கம் தமிழரின் பிறவிக் குணமா? வரலாறு அவ்வாறு கூறவில்லை.

ஒருவரின் எண்ணம் மூன்றினால் உருவாகிறது என 1991இல் உளவியலறிஞர் ஐசக் அய்சென் விளக்கினார். ஒன்று, அச்செயலைப் பற்றிய மனப்பான்மை. மற்றொன்று, சுற்றத்தாரின் எதிர்பார்ப்பு. மூன்றாவது, 'என்னால் இயலும்' என்னும் நம்பிக்கை. பல்கலைக்கழக மாணவர்களின் தொழில்முனைவு எண்ணத்தை ஆராய்வோர் பலரும் இக்கோட்பாட்டையே அடிப்படையாகக் கொள்கின்றனர்.

மலாயாவுக்கு வந்த நகரத்தாரிடம் இம்மூன்றும் இருந்தன. சிறுவர்கள் 'பெட்டியடிப் பையன்'களாகக் கிட்டங்கிகளில் சேர்ந்து, கணக்கெழுதிப் பழகி, படிப்படியாக அடுத்தாளாகவும் மேலாளாகவும் உயர்ந்தனர். தொழிலே அவர்களுக்குப் பள்ளிக்கூடம், சமூகமே ஆசான்.

தோட்டப்புறத்தில் நிலைமை வேறு. ஜொகூரின் இரப்பர்த் தோட்டங்களில் வீடு, கடை, மருந்தகம் என எல்லாம் நிர்வாகத்தின் கையில் இருந்தன. தோட்டப் பள்ளிகளோ தொடக்கக் கல்வியுடன் நின்றன. பால்மரம் வெட்டுபவரின் பிள்ளை கண்ட முன்மாதிரிகள் கங்காணியும் கிராணியுமே. குறைந்தது திறமை அன்று, வாய்ப்பும் நம்பிக்கையுமே.

அந்நம்பிக்கையை ஊட்டவும் முடியும் என்பதற்கு 1960ஆம் ஆண்டே சான்று. ஐரோப்பியர்கள் தோட்டங்களை விற்க, அவை துண்டாடப்பட்டுத் தொழிலாளர்கள் வேலையும் வீடும் இழந்து தவித்தனர். அப்போது துன் வீ. தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகச் சென்று, ஆளுக்குப் பத்து வெள்ளி கேட்டார். இவ்வாறு தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. 1961இல் கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டத்தை வாங்கியது. கூலிக்கு உழைத்தவரும் பங்குடைமையாளர் ஆகலாம் என்பது மெய்ப்பிக்கப்பட்டது.

2010இல் உயர்கல்வி அமைச்சு, உயர்கல்வி நிலையங்களுக்கெனத் தொழில்முனைவு மேம்பாட்டுக் கொள்கையை வகுத்தது. வரவேற்கத்தக்க முயற்சியே. ஆயினும் இருபது வயதில் பாடமாகப் படிப்பது மட்டும் போதுமா? அதற்கு முன்பே மனப்பான்மை வேரூன்றிவிடுகிறதே! மறைந்த தொழிலதிபர் ஆனந்த கிருஷ்ணனும் பிரிக்பீல்ட்ஸ் விவேகானந்தா தமிழ்ப்பள்ளியில் தொடங்கியவர்தாம் என்பதை நம் மாணவர்களுக்குச் சொல்வோம். பள்ளிச் சந்தையில் அவர்களே விலை குறித்து, விற்று, கணக்கெழுதட்டும். பிள்ளை "சொந்தமாகத் தொழில் செய்யப் போகிறேன்" என்றால், பெற்றோர் உடனே மறுக்காமல் "எப்படிச் செய்வாய்?" என்று கேட்கட்டும்.

அக்கேள்வியே முதல் மூலதனம். சிந்திப்போம், செயல்படுவோம்.